மனோகரனுக்கு வைத்த இலை

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், உள்ளே யாரோ அவசர அவசரமாகச் சாப்பிடும் சத்தம் கஸ்தூரிக்குக் கேட்டது.

எலி என்று வைத்துக்கொண்டாள். ஆவடி குவார்ட்டர்ஸ் எலிகளுக்குக் கூச்சம் கிடையாது. வீடே தங்கள் பேரில் ஒதுக்கீடு ஆனதுபோல நடந்துகொள்ளும்.

செத்துப்போன கணவனுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் படைத்து, விளக்கேற்றி, அவன் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்துவது வழக்கம்தான். கஸ்தூரி அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மனோகரன் செம்பரம்பாக்கம் பக்கத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் வளர்ந்தவன். மணியடித்தால் ஓடவேண்டும், பிந்தியவனுக்கு அடிச்சட்டிதான் என்று பழகிய உடம்பு. கல்யாணமாகி, ஃபாக்டரியில் சார்ஜ்மேன் ஆன பிறகும், "சாப்பிட வாங்க" என்றால் காதில் ஏறாது. சில்வர் தட்டைக் கரண்டியால் டங் டங்கென்று தட்டினால் பேப்பரைப் போட்டுவிட்டு ஓடிவருவான். உட்காருமுன் மட்டும் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்ப்பான். அதற்கும் அவள் கேலி செய்திருக்கிறாள்.

இன்றும் தட்டினாள். மனுஷன் வழி தெரியாமல் அலையக்கூடாதே என்ற அக்கறை. தட்டை அடுப்படியில் வைத்துவிட்டு வந்து, அறைக்குள் பார்க்காமலே கதவை இழுத்துச் சாத்தினாள். பார்க்கக்கூடாது என்பார்கள். மகள் கண்ணம்மாவை, நாலு வயதுக் குழந்தை பயந்துவிடக்கூடாதென்று, எதிர்வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் படம் பார்க்க அனுப்பியிருந்தாள்.

உள்ளே பாயசம் உறிஞ்சும் சத்தம். அது அடங்குமுன் இன்னொரு உறிஞ்சல், சுவரோரத்திலிருந்து. பிறகு ஜன்னல் பக்கமிருந்து ஒன்று. கதவின் கீழிடுக்கு வழியாக, சாம்பிராணியை அமுக்கிக்கொண்டு, இடிந்த சுவர் மழையில் நனைந்தால் வருமே, அந்த ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தது.

அந்த விடுதியில் நடந்ததை மனோகரன் ஒரே ஒருமுறைதான் சொல்லியிருக்கிறான். அடைமழை. சாப்பாட்டு மணி. அவன் வரிசைப் பையன்கள் எல்லாரும் ஓடினார்கள். காலில் முள் தைத்திருந்த இவன் பின்தங்கினான். பரிமாறுமுன் சாப்பாட்டுக்கூடச் சுவர் அவர்கள் மேல் சரிந்துவிட்டது. "பசியோடயே போய்ட்டாங்க கஸ்தூரி," என்றான்.

அவள் ஓர் இலைதான் போட்டிருந்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம். எதிர்வீட்டுப் பார்வதம் அக்கா.

"இன்னாம்மே, இருட்டுல குந்திகினு கீற? லைட்டக் கூட போடாம?"

"படையல் வெச்சிருக்கேன்க்கா. கண்ணம்மா தூங்கிட்டாளா?"

"என்னாண்ட கேக்குற? நீ தட்டு தட்டுனியே, அப்பவே பாதி படத்துல எந்திரிச்சு ஓடியாந்துச்சே. அப்பா துன்ன வராரு, நானும் துன்னப் போறேன்னு சொல்லிச்சு."

உள்ளே சத்தம் நின்றது.

கஸ்தூரிக்குத் தாழ்ப்பாள் கைக்கு அகப்படவில்லை. அகப்பட்டது. வழுக்கியது. பின்னால் பார்வதம் ஏதோ கேட்டாள். காதில் விழவில்லை. கதவு திறந்தது.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இலை இல்லை. நரம்புகூட இல்லை.

சுவரோரமாகக் கண்ணம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். வேறு யாரும் இல்லை. பாயசம் அப்பிய வலதுகை முன்னால் நீண்டிருந்தது. யாரோ பிடித்திருப்பதுபோல் அந்தரத்தில் நின்றது. விரல்கள் மட்டும் நக்கியெடுத்ததுபோல் சுத்தமாக இருந்தன. பளபளவென்று ஈரம்.

"அம்மா," என்றாள், மெதுவாக. "இவங்களுக்குப் பத்தலையாம்."

ஈரம் மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையைத் தாண்டி, மேலே ஏறிக்கொண்டிருந்தது.