நமுகோலோவின் டியூட்டி

மழைக்காலத்து மத்தியானம். காலையிலிருந்தே இருட்டிக்கொண்டு வந்த வானம், சாப்பாட்டு நேரத்தில் மொத்தமாக இறங்கிவிட்டது. முந்தின நாள் காலையில் பிரசவ வார்டுக்குள் போன நமுகோலோ, இப்போதுதான் வெளியே வந்தாள். அறைக்குப் போகவில்லை. சாயங்காலம் மறுபடியும் டியூட்டி. இடையில் கிடைத்த கொஞ்ச நேரத்தில் படித்தாக வேண்டும். புத்தகத்தைக் கோட்டுக்குள் நனையாமல் அணைத்துக்கொண்டு, பழைய காய்ச்சல் வார்டின் கோடியில் இருந்த படிப்பறைக்கு நடந்தாள்.

சாம்பியாவின் அந்தச் செம்புச் சுரங்க ஊரில், மகப்பேறு மேற்படிப்பில் அவளுக்கு இது மூன்றாம் வருஷம். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. படிக்க லீவு கேட்டபோது துறைத் தலைவர் சிகாஸ்வே நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வேலை நேரத்துல வேலை. படிப்பெல்லாம் உன் சொந்த நேரத்துல. நாங்கல்லாம் அப்படித்தான் படிச்சோம்."

வெளியே வந்ததும், கூடப் படிக்கும் லுபிண்டா முணுமுணுத்தான். "சொந்த நேரமாம். அது எந்தக் கடையில விக்குதுன்னு கேட்டியா?"

படிப்பறையில் மின்சாரம் இல்லை. ஈரச் சிமெண்டின் வாடை; அதோடு கலந்து ஸ்பிரிட் வாடை. ஜன்னலோர மேஜையில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவன் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். வேறு துறைப் பையனாக இருக்கும் என்று நினைத்து, அவனுக்குப் பின்னால் இருந்த மேஜையில் உட்கார்ந்தாள்.

அவன் படித்துக்கொண்டிருந்தான். தகரக் கூரையில் மழை அறைந்த இரைச்சலிலும் அந்த முணுமுணுப்பு அவள் காதோரத்தில் கேட்டது. பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்காவிட்டால் என்ன செய்வது என்ற பகுதியில் அவள் கண் சிக்கி, ஒரே வரியிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

அவன் முணுமுணுத்ததும் அதே வரிதான்.

அது அவளுக்கு உறைத்த கணத்தில் முணுமுணுப்பு நின்றது.

"நீ தூங்கு," என்றான் திரும்பாமல். "வார்டை நான் பாத்துக்கறேன்."

எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் இந்த மூன்று வருஷத்தில் அவளிடம் யாருமே அப்படிச் சொன்னதில்லை. தலை தானாக மேஜையில் சாய்ந்தது.

விழித்தபோது மழை விட்டிருந்தது. டியூட்டி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. ஜன்னலோர மேஜையில் தூசி கனத்துக் கிடந்தது. கை வைத்த தடம்கூட இல்லை.

வார்டுக்கு ஓடினாள். நர்ஸ் முவாபா ரத்தம் தோய்ந்த துணிகளை வாளியில் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிடுங்க சிஸ்டர். கண் அசந்துட்டேன்."

"எப்போ அசந்தீங்க? இப்பத்தானே கை கழுவிட்டு வெளியே போனீங்க."

"யாரு, நானா?"

"நல்லா விளையாடுறீங்க டாக்டர். பிள்ளை பெத்த ப்வால்யாவுக்கு ரத்தம் குழாய் மாதிரி கொட்டிச்சு. சொல்லி அனுப்பறதுக்குள்ள வந்து நின்னீங்க. உள்ளே கையை விட்டு அழுத்திப் பிடிச்சு நிறுத்திட்டீங்க. இல்லைன்னா அவ போயிருப்பா." முவாபா குரலைத் தாழ்த்தினாள். "ஆனா உங்க கை ஏன் அப்படிச் சில்லுனு இருந்துச்சு?"

கட்டிலருகே நமுகோலோ போனதும் ப்வால்யா குழந்தையை இழுத்து மார்போடு மூடிக்கொண்டாள்.

"இவங்க வேணாம் சிஸ்டர். இவங்க மூச்சு விடல."

படிப்பறையில் நடந்ததை நமுகோலோ சொன்னதும் முவாபாவின் கை வாளியிலேயே நின்றது.

"அங்கயா போனீங்க? நீங்க இங்க வர்றதுக்கு முன்னாடி கபாசோ டாக்டர் அங்கதான் படிப்பாரு. பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்துச்சு. ராவும் பகலும் டியூட்டி பாத்துட்டு வீட்டுக்குக் கார் ஓட்டிட்டுப் போனவரு வண்டியிலேயே தூங்கிட்டாரு. எதிர்ல செம்பு ஏத்தின லாரி." துணியை முறுக்கிப் பிழிந்தாள். "அடக்கத்துக்குப் போக யாருக்கும் லீவு கெடைக்கல. அவரு டியூட்டியைத்தான் ஆளுக்குக் கொஞ்சமாப் பிரிச்சுக் குடுத்தாங்க."

மறுநாள் சிகாஸ்வே அவளைக் கூப்பிட்டுப் பாராட்டினார். "அத்தனை நேரம் நின்னும் கை நடுங்கலையாமே. மனசு வெச்சா முடியுது பாரு. டாக்டர் ஜெரே ஊருக்குப் போறார். அவர் டியூட்டியையும் நீயே பாத்துக்கோ."

"அது நானில்லை, சார்."

"அடக்கம் நல்லதுதான்," என்று சிரித்தார்.

அதன் பிறகு அவள் படிப்பறைப் பக்கமே போகவில்லை. போக வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஒரு மத்தியானம் வார்டு வாசலில் சுவரோடு சாய்ந்து ஒரு நொடி கண்ணை மூடினாள். பிடரியில் ஸ்பிரிட் வாடை.

கண்ணைத் திறந்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, கடைசிக் கட்டிலருகே அவளே நின்றிருந்தாள். அதே கோட்டு. அதே பின்னல். ஒரு கர்ப்பிணியின் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். படுத்திருந்தவள் குளிரில் வெடவெடத்தாள்.

உள்ளே நின்றவள் மெதுவாகத் தலையைத் தூக்கி இவளைப் பார்த்தாள்.

கண் சிமிட்டவில்லை.

அன்றைக்கே நமுகோலோ சொந்த ஊரான மோங்குவுக்குப் பஸ் ஏறினாள். மூன்று வருஷப் படிப்பு அந்தப் பஸ் நிலையத்தோடு போயிற்று. மகள் நிபுணராகி வருவாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்த அப்பா, அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா மட்டும் மீனும் ந்ஷிமா என்ற சோளக்களியும் வைத்துவிட்டு, அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே இருந்தாள். நமுகோலோ தூங்கினாள். தூங்கித் தூங்கி எழுந்தும் அசதி தீரவில்லை.

மழைக்காலம் முடியும் தறுவாயில் லுபிண்டா போன் செய்தான்.

"திரும்பி வந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எதிர்ல வந்தும் பாக்காத மாதிரி போற."

"நான் மோங்குவுல இருக்கேன், லுபிண்டா."

அவன் சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினான். போனில் வார்டின் சத்தம் கேட்டது. குழந்தை அழுகை, உருளும் தள்ளுவண்டி.

"உன் இடத்துக்கு ஆளே போடல," என்றான் கிசுகிசுப்பாக. "ஏன்னு கேட்டதுக்கு சிகாஸ்வே, 'எதுக்கு? அவதான் ஒரு நாள் தவறாம வர்றாளே'ன்னாரு."

அவனுக்குப் பின்னால் எங்கோ முவாபா கூப்பிடும் குரல் கேட்டது. "டாக்டர் நமுகோலோ, கொஞ்சம் வாங்க."

"இதோ வரேன் சிஸ்டர்," என்று பதில் வந்தது.

நமுகோலோ வாயைத் திறக்கவே இல்லை. ஆனால் அது அவள் குரல்தான்.