உடைந்ததெல்லாம் அவள் கணக்கில்

சமையலறையில் ஏதோ விழுந்து நொறுங்கியது. சத்தம் அடங்குவதற்குள் அவள் குரல் முந்திக்கொண்டு வந்தது.

"நான்தான் அண்ணி... கை வழுக்கிடுச்சு!"

முன்னறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த நாத்தனார் தலையைக்கூடத் தூக்கவில்லை. "கையா அது? போன வாரம் என் மூக்குக்கண்ணாடி, முந்தாநாள் ஜாடி... இன்னைக்கு என்ன?"

"தட்டு, அண்ணி."

"மிச்சத்தையும் உடைச்சிரு. எல்லாரும் கையில வாங்கித் தின்னுக்கலாம்!"

அவள் குனிந்து சில்லுகளைப் பொறுக்கினாள். மேசைக்கு அடியில் ஏழு வயது மகள் முழங்காலைக் கட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். சட்டைப் பொத்தான் ஒன்று துளையில் நுழையவில்லை. அதற்குத்தான் தட்டு பறந்தது. கோபம் ஏறினால் அந்தப் பிள்ளையின் கை அதன் வசத்தில் இருப்பதில்லை. இறங்கிய பிறகு அதுவே பயந்து ஒடுங்கிவிடும்.

"சொல்லிடாதம்மா..."

"சொல்ல மாட்டேன்டா கண்ணு."

நாத்தனார் ஓய்வுபெற்ற ஆசிரியை. தெருவே அவரை 'டீச்சர்' என்றுதான் அழைக்கும். பிள்ளை முதன்முதலாக ஒரு கோப்பையை வீசியபோது ஸ்கேல் முறியும்வரை அடித்தார். ஸ்கேல்தான் முறிந்தது, பிள்ளை அடங்கவில்லை. அன்றிலிருந்து உடைந்ததையெல்லாம் அவள் தன் தலையில் போட்டுக்கொண்டாள். மகளுக்கு வீட்டில் செல்லமாக 'வாலு' என்று பேர், அவளுக்கு 'வழுக்கு'. அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தாள். அது எத்தனை பெரிய பிசகு என்று அன்று காலைவரை அவளுக்குத் தெரியாது.

அன்று மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாள். ஓரிடத்தில் உட்காராமல் ஓடுகிறாள், இனி மருத்துவரிடம் காட்டாமல் வகுப்பில் சேர்க்க முடியாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். பெற்றோர் இருவரும் வர வேண்டும் என்றார் மருத்துவர். பேருந்து ஓட்டும் கணவன் விடுப்பு எடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தான். இப்போதோ சீருடையில் வந்து நின்றான்.

"என்னங்க... இன்னைக்கு டாக்டர்கிட்ட..."

"அக்கா வேண்டாங்கறாங்க."

"ஆமா, நான்தான் சொன்னேன்," என்றார் நாத்தனார். "ஓடுற வயசுப் பிள்ளை ஓடாம என்ன செய்யும்? இந்தக் கால வாத்தியாருங்களுக்குப் பொறுமை ஏது? நாப்பது பேரை ஒரே பார்வையில உக்கார வச்சவ நான். பொம்பளப் பிள்ளைக்குப் பைத்தியம்னு நீயே ஊருக்குச் சொல்லணுமா?"

"பைத்தியம் இல்ல அண்ணி. கோபம் வந்தா அவளால நிறுத்த முடியல. கையில கெடைச்சத வீசுறா..."

"எதை வீசுனா?" என்றான் கணவன். "அந்த ஒரு கோப்பைக்கப்புறம் இந்த வீட்டுல உடைஞ்சதெல்லாம் நீ உடைச்சதுதானே?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மறைத்து மறைத்துக் காப்பாற்றிய பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை என்று தானே சாட்சி சொல்லி வைத்திருக்கிறாள்!

"நான் உடைக்கலங்க... ஒண்ணுகூட நான் உடைக்கல! அவதான்... இப்ப உடைஞ்ச தட்டும் அவதான்!"

"அடிப்பாவி!" நாத்தனார் எழுந்துவிட்டார். "உன் கோளாறைத் தூக்கிப் பெத்த பிள்ளை மேல போடுறியே... நீயெல்லாம் ஒரு தாயா?"

சமையலறை வாசற்படியில் மகள் நின்றிருந்தாள். உதடு துடித்தது.

"சொல்ல மாட்டேன்னு சொன்னியேம்மா... சொல்ல மாட்டேன்னு சொன்னியே!"

மேசை மேலிருந்த கண்ணாடிக் கூஜா சுவரில் மோதிச் சிதறியது. அடுத்து தந்தையின் சாப்பாட்டுப் பாத்திரம். நாத்தனார் தன் பேர்போன பார்வையைப் பார்த்தார். அது அந்தப் பிள்ளையின் கண்ணுக்கு எட்டவே இல்லை. நாற்காலி சாய்ந்தது.

அவள்தான் ஓடினாள். பின்னாலிருந்து மகளை இறுகக் கட்டி அணைத்துத் தரையில் உட்கார்ந்தாள். பிள்ளையின் தலை மோதி அவள் உதடு கிழிந்தது. அவள் விடவில்லை. "ஆச்சு... ஆச்சுடா... அம்மா இருக்கேன்..." அலறல் அழுகையாகி, அழுகை விம்மலாகி ஓய்ந்தது.

கணவன் சுவரோடு சுவராய் நின்றான். பிறகு சீருடைச் சட்டையைக் கழற்றினான். "கிளம்பு," என்றான், அவள் முகத்தைப் பார்க்க முடியாமல்.

நாத்தனார் நனைந்த துணியால் அவள் உதட்டைத் துடைத்தார். "என்னென்ன பேசினேன் உன்னை... ஏன்டி வாயத் திறக்கல நீ?"

"திறந்திருந்தா அவளை அடிச்சிருப்பீங்க, அண்ணி."

நாத்தனார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

நால்வரும்தான் போனார்கள். மகள் தந்தையின் தோளில் முகம் புதைத்திருந்தாள். வழியெல்லாம் அம்மா நீட்டிய கையைத் தட்டிவிட்டாள், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கணவனும் நாத்தனாரும் நம்பிவிட்டார்கள். ஆனால் அவளையே நம்பியிருந்த ஒரே ஜீவன் அவளை விட்டு விலகிவிட்டது. வேறு எப்படிச் செய்திருக்கலாம் என்று அவள் யோசித்துக்கொண்டே நடந்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

மருத்துவமனையில் செவிலி கதவைத் திறந்தாள். "பாப்பாவோட அம்மா யாரு?"

எங்கேயும் முந்திக்கொண்டு பதில் சொல்லும் நாத்தனார் அன்று பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார்.

தந்தையின் தோளிலிருந்து முகத்தை எடுக்காமலே, மகள் ஒரு விரலை மட்டும் அவள் பக்கம் நீட்டினாள்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.