212ஆம் புகாரில் உள்ளே ஒருவர்

212ஆம் புகாரில் ‘உள்ளே’ என்ற கட்டம் 1 என்று காட்டியது. பூஜ்யம் இருக்க வேண்டிய இடம்.

போன வாரம் அந்தக் கட்டத்தைச் சேர்த்தவளே மரிய அனிதாதான். ஊர்விட்டுப் போனவர்களின் பூட்டிய வீடுகளைப் பராமரிக்கும் காரைக்குடி அலுவலகம் அது. ஓடு உடைந்தது, குழாய் ஒழுகுகிறது என்று வரும் புகார்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. புகாரைப் பார்க்க வீட்டுக்குள் போனவர்களில் வெளியே வந்தவர்களைக் கழித்து, அந்தக் கட்டம் தானாகவே எண்ணைப் போட்டுக்கொள்ளும். கையால் திருத்த முடியாது. கர்சர் அங்கே போய் நிற்காது.

மேனேஜர் அழகுசுந்தரம் இதை ‘1997இன் கணினிப் புரட்சி’ என்று நோட்டீஸ் அடித்திருந்தார். புரட்சியில் அவருடைய பங்கு என்டர் சாவி. பதிவை அனிதா தட்டி வைப்பாள்; அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, ரிப்பன் வெட்டும் அமைச்சரைப் போல, ஒரு விரலால் என்டரை அழுத்துவார். வேறு யாரும் அழுத்தக் கூடாது. அந்த ஏசி அறைக்குள் செருப்போடும் வரக் கூடாது.

212 நாச்சியாபுரத்து வீடு. பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து கதவு தட்டும் சத்தம் என்று பக்கத்து வீட்டார் சொன்ன புகார். வேலையாள் பெத்தன் அன்றைக்கே ‘முடிந்தது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

கணக்கில் பிழையா, பெத்தனிடமா? உள்ளே இருப்பவர்களின் பெயரை மட்டும் எடுத்துக் கொடுக்கும்படி கம்ப்யூட்டரில் ஒரு வினாவை எழுதி ஓட்டினாள். அவள் தட்டாத ஒரு வரி வந்தது. உள்ளே போனது உண்டு. வெளியே வந்தது இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

“உள்ள போனீகளாண்ணே?”

“இல்லம்மா.” பெத்தன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “வாசல்ல நிக்கையிலேயே தட்டுச்சு. யாருன்னு கேட்டேன். அதுவும் யாருன்னு கேட்டுச்சு, என் கொரல்லயே. பேரைச் சொல்லாம ஓடியாந்துட்டேன்.”

“எலிம்மா,” என்றார் அழகுசுந்தரம். திங்கட்கிழமை மலேசியாவிலிருந்து வீட்டுக்காரர் வருகிறார். அவரிடம் பூஜ்யத்தைக் காட்டியாக வேண்டும். அலுவலகத்து எலக்ட்ரீசியன் செல்வினை அனுப்பினார். செல்வின், அனிதாவின் கணவன்.

“போகாதீக.”

“எலிக்குப் பயந்தா பொழைக்க முடியுமாடி?”

“யாரு கேட்டாலும் பேரை மட்டும் சொல்லீராதீக.”

சிரித்துக்கொண்டே சாவியை வாங்கிப் போனான். கட்டம் 2 ஆனது.

மூன்று மணிக்கு மழை பிடித்தது. ஏசியின் உறுமலுக்கு மேல் தகரக் கூரையில் விழும் இரைச்சல், நனைந்த சுண்ணாம்பின் வாடை, ஜன்னல் கண்ணாடியில் வழியும் தெருவின் மங்கல். நான்கு மணிக்கு அவன் வந்து நின்றான். சாவியை நீட்டினான். நிம்மதியில் எதையும் யோசிக்காமல், பதிவில் ‘செல்வின், வெளியே’ என்று தட்டி வைத்தாள்.

பிறகுதான் பார்த்தாள். சட்டையில் ஒரு சொட்டு ஈரமில்லை.

கதவுக்கு வெளியே இரண்டே ஜோடி. அவளுடைய செருப்பு. மேனேஜரின் ஷூ.

“செருப்பு எங்கங்க?”

அவன் புன்னகைத்தான்.

தொலைபேசி அடித்தது. நாச்சியாபுரத்து வீட்டுக்குள் முகப்புக் கூடத்திலும் ஒரு தொலைபேசி உண்டு.

“அனிதா.” செல்வினின் குரல். மூச்சிரைப்பு. “வெளிய பூட்டிக் கெடக்குடி. நீ எப்ப இங்குட்டு வந்த? உள்ளருந்து நீதான கேட்ட, யாருன்னு? பேரைச் சொன்னேன்...”

அவள் தலையைத் திருப்பவில்லை. பக்கத்தில் நின்றவன் மூச்சுவிடும் சத்தமே இல்லை.

அழகுசுந்தரம் எழுந்து வந்துகொண்டிருந்தார். விரலை நீட்டியபடி.

“சார், வேணாம்...”

“ஆளே வந்து நிக்கிறாரு. இன்னும் என்னம்மா?”

என்டர்.

கட்டம் 1 ஆனது.

“பாத்தியா, ஒண்ணு கொறைஞ்சிருச்சு!”

வினாவை ஓட்டினாள். ஒரே வரி. பெயர் இல்லை.

“என்னங்க,” என்றாள் தொலைபேசியில். “செல்வின்?”

மறுமுனையில் மழை. பிறகு அதே குரல், மெதுவாக, தனக்குத் தானே கேட்டுக்கொள்வதைப் போல.

“யாரு?”

அங்கே கதவு தட்டும் சத்தம் தொடங்கியது.

காய்ந்த கை ஒன்று அவள் தோளில் விழுந்தது.

“வீட்டுக்குப் போவமா, அனிதா?”