காப்புக் கட்டும் முன்னே

அன்று காலை சுஜிதாவின் காலடியில் ஒரு தண்ணீர்ச் செம்பு வந்து விழுந்து உருண்டது. எறிந்தவர் அவளுடைய சசிதரன் சித்தப்பா.

“என்னைத் தூக்கிட்டுப் போக நான் என்ன குச்சிக்கிழங்கு மூட்டையா?” என்று கட்டிலில் இருந்தபடியே கத்தினார்.

“மூட்டையா இருந்தாக்கூடத் தேவலையே! மூட்டை செம்பை எறியாது!” என்று வாசலில் இருந்து சுஜிதாவின் அப்பா சாமியப்பன் கத்தினார்.

அண்ணனும் தம்பியும் இப்படிச் சண்டை போடுவது இது பதினோராவது நாள்.

சித்தப்பா ராணுவத்தில் இருப்பவர். எல்லையில் குண்டடி பட்டு, வலது காலில் தொடை வரை மாவுக்கட்டோடு ஊருக்கு வந்திருந்தார். மலை மேலே திண்ணனூர் நாட்டில் இருக்கும் அவர்கள் ஊருக்கு ரோடு கிடையாது. ரோட்டில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். நடக்க முடியாதவர்களைத் தூளியில் வைத்துத் தூக்குவார்கள். தூளி என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. மூங்கில் கழியில் கெட்டிப் போர்வையைத் தொட்டில் போலக் கட்டினால் தூளி. வந்த அன்று சித்தப்பாவையும் அப்படித்தான் தூக்கி வந்தார்கள். வழி முழுக்க அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. “இனிமேல் தூளியில் ஏற மாட்டேன்” என்று அன்றே சொல்லிவிட்டார்.

ஆனால் அவருக்குத் தூத்துக்குடிப் பக்கம் போயே ஆக வேண்டும். அங்கே கடலோர ஊரில் சூசைராஜ் இருக்கிறார். குண்டடி பட்டுக் கிடந்த சித்தப்பாவை முதுகில் தூக்கி வந்த நண்பர். அந்த ஓட்டத்தில் அவருக்கு இடது கை போய்விட்டது. அதிலிருந்து அவர் யாருடனும் பேசுவதில்லை. ஊரில் சிக்னல் இல்லாததால், பள்ளிக்கூடம் போகும்போது சுஜிதாதான் சித்தப்பாவின் போனைக் கொண்டுபோய் ரோட்டோரம் நின்று கூப்பிடுவாள். மணி அடிக்கும். எடுக்க மாட்டார்.

“எடுத்தானா கண்ணு?” என்று சாயங்காலம் சித்தப்பா கேட்பார்.

“இல்லீங்க சித்தப்பா.”

அப்புறம் சோற்றைத் தொட மாட்டார்.

இன்று சாயங்காலம் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். கட்டிவிட்டால், ஊரில் இருப்பவர்கள் எட்டு நாள் எல்லை தாண்டிப் போய்த் தங்கக் கூடாது. ஒன்பதாம் நாள் சித்தப்பா வடக்கே ராணுவ ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும். இன்று போகாவிட்டால் சூசைராஜைப் பார்க்கவே முடியாது.

போக வேண்டும், ஆனால் தூளியில் ஏற மாட்டாராம்! சுஜிதாவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. செம்பை எடுத்து ‘டங்’ என்று தரையில் வைத்தாள்.

“சித்தப்பா, சூசை மாமா உங்களைத் தூக்குனப்ப ‘நான் என்ன மூட்டையா’ன்னு கேட்டீங்களா?”

சித்தப்பாவின் முகம் சிவந்தது. “கேட்கலை. கேட்டிருக்கணும்! என்னைத் தூக்குனதாலதான் அவன் கை போச்சு. இனி ஒருத்தரும் என்னைத் தூக்க வேண்டாம். போ!”

சுஜிதா போகவில்லை. இத்தனை நாள் எறிந்த செம்புக்கும் தட்டுக்கும் காரணம் இதுதானா? அவளுக்குப் பாவமாக இருந்தது. அதற்காகக் கோபம் குறைந்துவிடவில்லை.

“அங்க அவரு ஒருத்தரா தூக்குனாரு. சுத்தியும் குண்டு. இங்க நாலு பேரு மாத்தி மாத்தித் தூக்குவாங்க. நம்ம ஊர்ல தூளி தூக்கி யாருக்காச்சும் கை போயிருக்குதா?”

“அப்படிக் கேளு!” என்றார் அப்பா.

சுஜிதா அவர் பக்கம் திரும்பினாள். “நீங்க மட்டும் என்னங்கப்பா? காப்புக் கட்டிட்டாச் சித்தப்பா போக முடியாதுன்னு உள்ளுக்குள்ள சந்தோஷந்தானே?”

அப்பா திருதிருவென்று விழித்தார். “கால் ஆறட்டும்னுதான் சாமி…”

“காலு ஆறுதுங்க. கோபம் ஆறலையே!”

கட்டிலில் கிடந்த கெட்டிப் போர்வையைச் சித்தப்பா வாசல் பக்கம் எறிந்தார். பிறகு, “அண்ணா, கழியை எடு” என்றார். அதையும் கோபமாகத்தான் சொன்னார்.

சுஜிதா ஊருக்குள் ஓடினாள். எல்லாரும் நோம்பி வேலையில் இருந்தார்கள். “இன்னைக்குத்தான் உங்களுக்கு நாள் கிடைச்சுதா?” என்று வீட்டுக்கு வீடு திட்டு விழுந்தது. திட்டிக்கொண்டே துண்டை உதறித் தோளில் போட்டு ஆறு பேர் வந்துவிட்டார்கள். ஏழாவதாக ராமாயி அத்தை. அவரிடம் வேண்டாம் என்று சொல்ல ஊரில் ஆளில்லை.

வழியெல்லாம் சித்தப்பா தூளிக்குள் இருந்து உத்தரவு போட்டார். “இடது பக்கம் பள்ளம்! மெதுவா! கல்லு, கல்லு!”

“நான் பொறந்ததுல இருந்து நடக்கிற பாதை இது. கம்முனு படு சாமி!” என்றார் ராமாயி அத்தை.

ரோட்டில் இறக்கியதும் தூக்கியவர்கள் ஊருக்கு ஓடினார்கள். அவர்கள் காப்புக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். “எட்டு நாள் கழிச்சு வாரேன்” என்று அப்பா மட்டும் தம்பியுடன் நின்றுகொண்டார். சுஜிதாவைக் கூட்டிப் போக ராமாயி அத்தை காத்திருந்தார்.

போனில் சிக்னல் வந்தது. சுஜிதா கூப்பிடவில்லை. ‘சித்தப்பா கிளம்பிட்டாங்க. நாளைக்குக் காலைல உங்க ஊட்டுல இருப்பாங்க’ என்று எழுதி அனுப்பினாள்.

ஒரு நிமிடம் ஆகவில்லை. போன் அலறியது. சூசைராஜ்! சித்தப்பா எடுத்துக் காதில் வைப்பதற்குள் அந்தப் பக்கம் கடலே இரைந்தது.

“லேய், உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? அந்தக் காலை வச்சிக்கிட்டு மலை இறங்குதியா? எவன்லே உன்னையக் கிளம்பச் சொன்னது?”

சித்தப்பா கண்ணில் நீர் வழிய, பதினோரு நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். அப்படியே போனைச் சுஜிதாவிடம் நீட்டினார்.

“நான்தாங்க மாமா சொன்னேன்” என்றாள் சுஜிதா. “திட்டுறதை நேர்ல வெச்சுத் திட்டிக்குங்க. பஸ் வந்துருச்சு!”