துளை விழாத சவ்வு

விடுமுறை நாள் மதியம். ஆராய்ச்சிக்கூடத்தின் அடித்தளத்துக்கு அவள் சாவியோடு இறங்கினாள். மறுநாள் காலை தேர்வுக்குழு வருகிறது. நீரை வடிகட்டும் சவ்வு ஒன்றை ஓட்டையில்லாமல் காட்டாவிட்டால் ஐந்து வருட உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர்தான்.

"துகளைச் சேர்த்தா சவ்வு கெட்டுப்போகும்" என்று அவளுடைய பேராசிரியர் சாகும்வரை சாதித்தார். நானோ துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும், அந்த இடத்தில் சவ்வு பொத்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. அவளோ ஒவ்வொரு துகளின் மீதும் பாலிமர் இழைகளை முடிபோல வளர்த்துவிட்டாள். முடி முளைத்த துகள்கள் ஒட்டாமல் விலகிப் பரவின. அதைப் பார்க்காமலே, மூன்று மாதம் முன்பு, இதே அறையில் நாற்காலியில் சாய்ந்தபடி அவர் போய்ச்சேர்ந்தார்.

கண்ணாடிப் பலகையில் துகள் கலந்த கரைசலை ஊற்றி, தட்டைக் கத்தியால் இழுத்துப் பரப்பினாள். ஈரப் படலம் மினுங்கியது. படலத்தை முக்கி இறுகவைக்கும் தண்ணீர்த் தொட்டியைச் சரிபார்த்துவிட்டுத் திரும்பினாள்.

படலத்தின் நடுவில் ஒரு விரல் தடம்.

அவள் கைகளில் ரப்பர் உறை. தடத்திலோ ரேகைகள் தெளிவாக இருந்தன.

வழித்தெறிந்துவிட்டு மறுபடி பரப்பினாள். கண்ணெதிரிலேயே ஐந்து குழிகள் விழுந்தன. இருமல் மருந்தின் வாடை அறையில் பரவியது.

மாடிப்படியிலிருந்து காவலாளியின் குரல். "ஏம்மா, உள்ள யாரு இருமுறது?"

"யாருமில்லண்ணே."

"இல்ல, அது நம்ம சார் இருமுற மாதிரியே..."

அவர் முடிக்கவில்லை. காலடிகள் வேகமாக மேலேறின.

அவள் குடுவையைச் சாய்த்துப் பார்த்தாள். கரைசல் இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருந்தது.

"சார்," என்று கிசுகிசுத்தாள். "உயிரோட இருந்தப்பவே உங்க பேச்சை நான் கேக்கல. இப்பவா கேக்கப்போறேன்?"

பரப்பினாள். படலத்தின் மேலே, தொடாமல், இடது கையைக் குடைபோலப் பிடித்தாள்.

புறங்கையில் பனிக்கட்டி பட்டதுபோல் இருந்தது.

ஒவ்வொன்றாக விரல்கள் பதிந்தன. அழுத்தின. எலும்பு வலித்தது.

அவள் கையை எடுக்கவில்லை.

மறு கையால் பலகையை நகர்த்தித் தொட்டிக்குள் சரித்தாள். படலம் வெளுத்து இறுகியது. முழுசாக இருந்தது.

சோதனைக் கலத்தில் சவ்வைப் பொருத்தி, மேலே நீலச் சாயநீரை ஊற்றி, அழுத்தம் கொடுக்கும் வாயு சிலிண்டரைத் திறந்தாள். அழுத்தமானியின் முள் மூன்றில் நின்றது. கீழே தெளிந்த நீர் சொட்டியது.

அப்போது வால்வு தானாகத் திரும்பியது.

நான்கு. ஐந்து. சொட்டிய நீரில் நீலம் கலக்கவில்லை.

அவள் பிடரியில் யாரோ மூச்சுவிட்டார்கள்.

"ஏத்துங்க சார்," என்றாள், திரும்பிப் பார்க்காமல். "எவ்வளவு வேணும்னாலும் ஏத்துங்க."

வால்வு ஒரு கணம் தயங்கியது. பிறகு, மெதுவாக, இன்னும் ஒரு சுற்று.