பொட்டு வைத்த ஹார்டு டிஸ்க்

நாகேந்திரன் தரையில் கிடந்தார்.

நெற்றியோரம் ரத்தம். பக்கத்தில் கால் உடைந்த ஒரு மர ஸ்டூல். மேஜை மேல், வயிறு திறந்தபடி ஒரு பழைய கம்ப்யூட்டர்.

மூச்சு இருந்தது... தேடினால் கிடைக்கிற அளவுக்கு.

அவரை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஏட்டு புருஷோத்தமன் சுவரில் சாய்ந்தார். பிரம்மோற்சவ பந்தோபஸ்து முழுக்க நின்றே வீங்கிய கால்கள். நேற்றுதான் திருப்பதியில் கூட்டம் கலைந்தது. இன்று இது.

'கோவிந்தா... ஒரு நாள் உட்கார விடமாட்டாயா?'

தமிழும் தெலுங்கும் கலந்த அந்த ஊரில், குவைத்துக்கு ஆள் அனுப்பும் ஆபீஸ் அது. நாகேந்திரன்தான் ஏஜென்ட்.

"சத்தம் கேட்டு உள் ரூம்லேர்ந்து வந்தேன் சார்," என்றாள் அங்கே வேலை பார்க்கும் ஷோபா. "ஸ்டூலைத் தூக்கி ஓங்கி அடிச்சான். அதோ, அவன்தான்."

மூலையில் குந்தியிருந்தான் முனிரத்தினம். கங்காதர நெல்லூர்க் கூலிக்காரன். ஓடவில்லை. மடியில் ஒரு துணிப்பை.

எஸ்.ஐ. சுதீர் அந்தப் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார். செங்கல் கனத்தில் ஒரு ஹார்டு டிஸ்க். அது தரையைத் தொடுமுன் முனிரத்தினம் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான்.

"பாத்து சார்... இதுல என் பொஞ்சாதி கீறா."

"ஏமய்யா, பிச்சா நீக்கு? பைத்தியமா?"

"பத்மாவதி சார். குவைத்துல வூட்டு வேலைக்குப் போனா. பாஸ்போர்ட்டை அந்த வூட்டுக்காரன் புடுங்கி வெச்சிக்கினான். ஒரு நகல் இருந்தா தூதரகத்துல காட்டி வந்துடலாமாம். நகல் இந்த ஆபீஸ் டிஸ்க்குல மட்டும்தான் கீது. எத்தினி தபா கேட்டும் ஏஜென்ட் குடுக்கல."

"அதுக்கு அவரை அடிச்சியா?"

"அட்ச்சேன் சார். மொதல்ல அது அட்ச்சிது. அப்பால நான் அட்ச்சேன்."

அது?

சுதீரின் பார்வை மெல்லத் திரும்பி ஷோபாவின் மேல் நின்றது. அவர் காக்கிநாடாக்காரர். தெலுங்கில் பெண்ணையும் 'அதி', அதாவது 'அது' என்றே சொல்வார்கள்.

ஷோபாவின் முகம் வெளுத்தது. "நானா? அடப்பாவி, நான் எங்கடா அடிச்சேன்?"

"மாட்லாடகு. நீ பேசாதே," என்றார் சுதீர். "ரெண்டு பேர் சேந்து செஞ்ச வேலை இது. ஜீப்புல ஏறுங்க."

முனிரத்தினம் வாயைத் திறந்தான். சுதீரின் கை ஓங்கியது. வாய் மூடிக்கொண்டது.

*

கம்ப்யூட்டரைக் கட்டிக் கொடுத்த பாலையாவை ஸ்டேஷனுக்கு வரவழைத்தார்கள். கழித்துக்கட்டிய சாமான்களைச் சேர்த்து மெஷின் செய்து விற்கிறவன்.

"டிஸ்க்கைக் கழட்டினது நான்தான் சார். போலீஸ் வரும்னு ஏஜென்ட்டுக்கு பயம். பொய் வயசு போட்டு அனுப்புன பொம்பளைங்க பாஸ்போர்ட்டெல்லாம் அதுல கீது. 'வேற பழசு ஒண்ணு மாட்டிட்டு, இதைச் சுத்தியால ஒடைச்சிடு'ன்னாரு."

"ஏன் உடைக்கல?"

"உள்ள அத்தினி மொகம் சார்... கை வரல. வாசப்படியில இந்த ஆளு நின்னுக்கினு இருந்தான். குடுத்துட்டேன்."

"அவர் மெஷின்ல இப்ப இருக்கறது?"

"என் கடையில கெடந்தது. ஆயுத பூஜைக்கு வெச்ச குங்குமத்தைக்கூட தொடைக்காம மாட்டிட்டேன்."

ஸ்டேஷனின் புது கம்ப்யூட்டரில் அந்த டிஸ்க்கின் வயரைச் செருக இடமே இல்லை. பாலையாவின் வீட்டுக்குப் போனார்கள். அங்கே கட்டிலடியில் இருந்தது, பழைய டிஸ்க்குகளாலேயே ஓடும் அவனுடைய சொந்தப் பெட்டி.

டக்... டக்... டக்...

"சாவப்போற டிஸ்க் சார். ஒரு தபா எழுந்தா புண்ணியம்."

டக்... சத்தம் நின்றது. முனிரத்தினம் விலங்கோடு கைகூப்பினான்.

பிறகு விர்ரென்ற சுழற்சி. திரையில் ஒரு பெண். கேமராவுக்குப் பயந்து அகல விரித்த கண்கள்.

"பத்மா..." என்றான் முனிரத்தினம்.

பிரிண்டர் துப்பிய காகிதத்தை சுதீர் மடித்து ஃபைலுக்குள் வைத்தார்.

"டிஸ்க்கோட போறப்ப ஏஜென்ட் மறிச்சிருப்பார். இவன் அடிச்சிட்டான். மோட்டிவ் கிடைச்சாச்சு. கேஸ் முடியற வரைக்கும் இது கோர்ட்டுக்குச் சொந்தம்."

"எப்போ முடியும் சார்?" என்றான் முனிரத்தினம்.

இந்த ஊர் வழக்குகள் முடிவதற்குள் பிள்ளைகள் பெரியவர்களாகிவிடுவார்கள்.

*

புருஷோத்தமன் லாக்கப்புக்குள் போய் ஒரு டீயும் பன்னும் வைத்தார். முனிரத்தினத்தின் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"துன்னு மொதல்ல. அப்பால பேசலாம்."

பாதி பன்னில் முனிரத்தினம் அழ ஆரம்பித்தான். அவர் அவசரப்படுத்தவில்லை. அவர் கால்களுக்கும் அது தேவையாக இருந்தது.

"அது அட்ச்சிது, அது அட்ச்சிதுன்னியே... யாருப்பா அது?"

"கரண்ட்டு சார்."

புருஷோத்தமன் நிமிர்ந்தார்.

"ஏஜென்ட்டோட அம்மா செத்து இன்னும் காரியம் ஆவல சார். 'தீட்டுல கீறவன் மெஷின்ல எவன்டா பொட்டு வெச்சது'ன்னு, ஓடிக்கினு இருக்கும்போதே ஈரத் துணியால தொடச்சாரு. உள்ள பிஞ்ச கரண்ட்டு ஒயர்ல கை பட்டுது, அப்பிடியே புடிச்சிக்கிச்சி. கத்தக்கூட முடியல. மர ஸ்டூலால கையைத் தட்டி வுட்டேன். மேஜை முனையில நெத்தி இட்ச்சி கீழ வியுந்தாரு."

"அதான் டிஸ்க் உன் கையில வந்துடுச்சே. அப்பிடியே போயிருக்கலாம் இல்ல?"

"எப்பிடி சார் போறது? மனுசன் துடிக்கிறான்..."

டெலிபோன் அலறியது. ஆஸ்பத்திரி. சுதீர் எடுத்தார்; கேட்கக் கேட்க அவர் குரல் இறங்கியது.

"முழிச்சிட்டாராம். கரண்ட் ஷாக்காம், உள்ளங்கை கருகியிருக்காம். நெற்றிக் காயம் சின்னதுதான். அந்நேரம் யாரோ தட்டி விடலைன்னா பிணம்தான்னு டாக்டர் சொல்றார்."

போனை வைத்தார். பிறகு ஃபைலைத் திறந்து காகிதத்தை எடுத்து, மடிப்பை நீவி, கம்பிக்குள் நீட்டினார்.

"தீஸ்கோ, எடுத்துக்கோ. போ. உன் பெண்டாட்டியைக் கூட்டிக்கினு வா."

முனிரத்தினம் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"ஷோபாம்மாவை ஜீப்புலயே வீட்ல விடுங்க. நாகேந்திரன் கட்டில் பக்கத்துல ஆள் போடுங்க. சீட்டிங் கேஸ்," என்ற சுதீர், எழுதி வைத்த எஃப்.ஐ.ஆரைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "புருஷோத்தமன்காரு, அடிச்சது ரெண்டு பேர்னு எழுதிட்டேனே. அந்த முதல் ஆளை என்ன செய்றது?"

புருஷோத்தமன் கால்களை நீட்டிக்கொண்டார்.

"ஆபீஸ் மேஜை மேலதான் இருக்கான் சார், எங்கயும் ஓடல. தாராளமா விலங்கு போடுங்க... ப்ளக்கை மட்டும் முன்னாடி புடுங்கிடுங்க."