ஏழாவது கம்ப்யூட்டர்

கரடியூர் தாண்டி அந்தக் காப்பி எஸ்டேட் ஆபீஸ் முன்னால் ஜீப்பை விட்டு இறங்கியபோது மணி மூன்றுதான். மே மாதம். ஆனாலும் பனிமூட்டம் இறங்கிவிட்டது. முதல் வரிசை சில்வர் ஓக் மரங்களுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் செல்லப்பன் வாசலுக்கு வந்தார்.

"வாங்க அம்மணி. இன்னைக்கே முடிஞ்சிருமுங்களா?"

"சாயந்திரத்துக்குள்ள முடிச்சிடுவேன் சார்," என்றேன்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எஸ்டேட்டில் மழை, மண் ஈரம், தொட்டித் தண்ணீர் எல்லாவற்றையும் அளக்கக் கருவிகள் இருக்கின்றன. அவை அனுப்பும் அளவுகளை வாங்கிக்கொள்ள, எங்கோ தூரத்தில் வாடகைக் கம்ப்யூட்டர்கள் ஓடுகின்றன. கிளவுட் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்வோம், விஷயம் அவ்வளவுதான். எந்தக் கம்ப்யூட்டர் எதற்கு ஓடுகிறது, கடைசியாக அதில் யார் கை வைத்தது என்பதெல்லாம் ஆபீஸ் சுவரிலேயே ஒரு திரையில் தெரிய வேண்டும். அந்த டேஷ்போர்டைப் போடத்தான் வந்திருந்தேன். டிசம்பரில் நடந்த சாவுக்குப் பிறகு எஸ்டேட்காரர்கள் கேட்டது அது.

நானே வலியப் போய்த்தான் இந்த வேலையை வாங்கிக்கொண்டேன். வேறு யாராவது வந்தால் பழைய பதிவுகளைப் பார்த்துவிடுவார்கள்.

போன ஆகஸ்டில் இங்கே ஏழு கம்ப்யூட்டர்கள் ஓடின. ஏழாவது மாதக்கணக்கில் சும்மா கிடந்தது. யாருடையது என்று பெயரும் இல்லை. தண்டத்துக்கு ஓடுகிறது என்று அழித்துவிட்டேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காப்பிப் பழம் பறித்து அரைக்கும் கார்த்திகை, மார்கழியில் மட்டும்தான் அதற்கு வேலை என்பது எனக்குத் தெரியாது. காப்பியைக் குடித்துத்தான் எனக்குப் பழக்கம்.

அரைத்த பழத்தோலும் கழுவிய தண்ணீரும் ஒரு குழியில் போய்ச் சேரும். அங்கே விஷவாயு ஏறினால் சைரனை ஊதச் சொல்வது அந்த ஏழாவது கம்ப்யூட்டர். டிசம்பரில் வேடியப்பன் என்ற தொழிலாளி அடைப்பு எடுக்கக் குழிக்குள் இறங்கினார். சைரன் ஊதவில்லை. பிணமாகத்தான் வெளியே எடுத்தார்கள். சத்தம் பிடிக்காமல் அவரே ஒயரைப் பிடுங்கிவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. ஊரும் நம்பியது. நான் வாயைத் திறக்கவில்லை.

நாலரை மணிக்குத் திரை ஓடத் தொடங்கியது. ஆறு பச்சை வரிகள். ஆகஸ்ட் பதிவுகளை மறைத்தாயிற்று.

அப்போது ஏழாவது வரி வந்தது.

குழி. வாயு அளவு. ஓடுகிறது.

"சார், குழியில வாயு அளக்கிற மிஷின் இன்னும் இருக்கா?"

"எங்கீங்க! அன்னைக்கே கழட்டியாச்சுங்க." செல்லப்பன் மேசை டிராயரை இழுத்துக் காட்டினார். ஒயர் அறுந்த கருவி தூசியோடு கிடந்தது. "குழியையும் கல்லப் போட்டு மூடிட்டமுங்க."

வரியை அழித்தேன். போனது.

திரும்ப வந்தது.

இப்போது பக்கத்தில் ஒரு கோடும் ஓடியது. மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது. மறுபடி ஏறியது. தூங்குகிறவன் நெஞ்சு ஏறி இறங்குவதுபோல இருந்தது.

செல்லப்பன் மூக்கைச் சுளித்தார். "பழம் புளிச்ச வாடை நொம்ப அடிக்குதுங்களே. இந்த மாசத்துல பழம் ஏதுங்க?" குரல் அடங்கிவிட்டது. எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

டீ கொண்டுவந்தவள் மேனகா. வேடியப்பனின் மனைவி. ஆபீஸில் அவளுக்கு வேலை போட்டுக் கொடுத்திருந்தார்கள். டம்ளரை வைத்துவிட்டுத் திரையையே பார்த்தாள்.

"சைரன யாரு நிறுத்துனாங்கன்னு இதுல தெரியுமுங்களா மேடம்?"

நான் டம்ளரை எடுத்துக்கொண்டேன்.

"எல்லாரும் அவரையேதான் சொல்றாங்க. எம்புள்ளகூட, அப்பா ஏம்மா ஒயரப் புடுங்குனாருன்னு கேக்கறா."

கோடு இறங்கியது. என் மூச்சும் அதோடு இறங்கியதை அப்போதுதான் கவனித்தேன். கோடு ஏறினால் இழுக்கிறேன், இறங்கினால் விடுகிறேன். இழுத்துப் பிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

ஏற்றம் குறைந்துகொண்டே வந்தது.

கோடு அடியில் போய் நின்றது.

ஏறவில்லை.

எனக்கும் மூச்சு ஏறவில்லை. நெஞ்சு அடைத்தது. புளித்த நாற்றம் தொண்டை வரை நிறைந்தது. செத்துவிடுவேன் என்று தெரிந்தது.

மிச்சமிருந்த காற்றில் சொன்னேன்.

"நான்தான்க்கா. நான்தான் அழிச்சேன். அவர் எதையும் பிடுங்கல."

மூச்சு வந்தது. ஏழாவது வரி போய்விட்டது. மேசையில் தலையை வைத்து அழுதேன். பயத்தில் அழுதேனா வெட்கத்திலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மேனகா திட்டவில்லை. "எழுதிக் குடுத்துட்டுப் போங்க," என்றாள். எழுதினேன். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அவள் எழுத்துக்கூட்டி ஒருமுறை முழுதாகப் படித்தாள். காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, என் நாற்காலியை ஒட்டி யாருமில்லாத இடத்தைப் பார்த்தாள்.

"ஏனுங்க, கேட்டுக்கிட்டீங்களா? இவங்கதானாமுங்க."

கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"தெனமும் ஊட்டுக்கு வந்து யாரு, யாருன்னு கேட்டுட்டே நின்னீங்களே. எனக்கென்னங்க தெரியும்? இனி இங்க உங்களுக்கு என்ன வேலை? இவங்க கூடவே போயிருங்க."

பையை அள்ளிக்கொண்டு ஓடினேன். வாசலில் செல்லப்பன் ஒதுங்கி வழிவிட்டார். படிகளில் இறங்கி ஜீப் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் ஒதுங்கியேதான் நின்றிருந்தார்.

அவர் பார்வை ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது.

"பாத்து எறங்கு வேடியப்பா," என்றார். "படி வழுக்குது."